நாள்கணக்கில் ஓடும் சிமுலேஷனில் மெமரி லீக்கைப் பிடிப்பது எப்படி? படிப்படியாக ஒரு வழிகாட்டி

வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு ஒரு சிமுலேஷன் ஜாபை (கணினியில் விட்டுவிட்டுப் போகும் நீண்ட ஓட்டம்) போட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம். சனிக்கிழமை மதியம் 3 மணிவாக்கில் அது செத்துக் கிடந்தது. இன்புட்டில் குறையில்லை. சந்தேகம் மெமரி லீக் மேல், அதாவது வாங்கிய மெமரியை ப்ரோக்ராம் திருப்பித் தராமல் கசியவிடுவது. அதே ப்ரோக்ராம் அதே இன்புட்டில் இரண்டு மணி நேரம் ஓடி ஒழுங்காக முடிந்திருந்தது.

இந்த இடத்தில் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் முழு அளவு ஓட்டத்தை அப்படியே வால்கிரைண்டில் (மெமரிப் பிழைகளைத் தேடும் கருவி) ஏற்றிவிடுவார்கள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் ஜாப் செத்த ஸ்டெப்பின் (சிமுலேஷன் காலத்தில் ஒரு அடி) பக்கம்கூடப் போயிருக்காது, ஒதுக்கிய நேரம் தீர்ந்து ஜாப் நின்றிருக்கும். இந்த வழிகாட்டியில் கருவியைக் கையில் எடுப்பது ஏழாவது படியில்தான். அதற்கு முன் உள்ளதெல்லாம் அளப்பதும் வகுப்பதும். அதை ஒழுங்காகச் செய்தால் கருவிக்குப் போகும் முன்பே பாதி விடை கையில் இருக்கும்.

கடைசிவரை மேலே சொன்ன அந்த ஒரு ஓட்டத்தையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். நீளமான ஒரு கால்வாய்க்குள் பாயும் திரவம். கிரிட் 40 × 40 × 1280. சி மொழி, எம்பிஐ (ப்ராசஸ்கள் தங்களுக்குள் தரவு பரிமாறும் நூலகம்), 64 ஜிபி மெமரி உள்ள ஒரே நோடில் (கிளஸ்டரின் ஒரு கணினி) 32 ராங்க், அதாவது வேலையைப் பங்கிட்டுக்கொண்ட 32 ப்ராசஸ். நீளவாட்டில் மட்டும் வெட்டியிருந்ததால் ஒவ்வொரு ராங்க்குக்கும் 40 × 40 × 40 செல். ஒரு ஸ்டெப்புக்குக் கிட்டத்தட்ட ஒரு நொடி.

1. எதனால் செத்தது என்று முதலில் உறுதி செய்யுங்கள்

ஜாப் நின்றதும் "மெமரி லீக்" என்று முடிவு கட்டாதீர்கள். எக்ஸிட் கோடைப் பாருங்கள். 137 என்றால் சிக்னல் 9, அதாவது 128 உடன் 9. யாரோ வெளியிலிருந்து கொன்றிருக்கிறார்கள். அந்த யாரோ பெரும்பாலும் லினக்ஸ் கெர்னலின் ஓஓஎம் கில்லர், மெமரி தீர்ந்தால் ஏதாவது ஒரு ப்ராசஸைக் கொல்லும் பகுதி. கெர்னல் லாகில் எந்தப் ப்ராசஸை எப்போது கொன்றது என்று வரியே இருக்கும். ஸ்லர்ம் (ஜாப்களை வரிசைப்படுத்தி ஓட்டும் மென்பொருள்) உள்ள கிளஸ்டர் என்றால் ஜாபின் நிலையிலேயே மெமரி தீர்ந்தது என்று எழுதியிருக்கும். 139 வந்திருந்தால் அது செக்மென்டேஷன் ஃபால்ட், இந்த வழிகாட்டியின் சங்கதி அல்ல.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கும். கொல்லப்பட்ட ப்ராசஸ்தான் கசியவிட்டது என்று நினைத்துவிடுவார்கள். கெர்னல் பொதுவாக அந்த நேரத்தில் அதிகம் பிடித்து வைத்திருப்பதைத்தான் கொல்லும். நியாயமாகவே நிறைய மெமரி வாங்கியிருக்கும் ராங்க் 0 பலியாகி, கசியவிட்டவை பக்கத்தில் நல்லபிள்ளையாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

2. தொடங்கும் முன் தயாராக வைக்க வேண்டியவை

டீபக் தகவலோடு கம்பைல் செய்த ஒரு பில்ட். ஆப்டிமைசேஷனை முழுக்க அணைத்துவிட வேண்டாம், குறைந்த நிலையில் வையுங்கள். ஃப்ரேம் பாயிண்டரை மட்டும் விட்டுவிடாமல் இருக்கக் கம்பைலரிடம் சொல்லுங்கள். இவை இல்லாவிட்டால் கருவி கொடுக்கும் கால் ஸ்டாக்கில் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியல்) வரி எண் வராது, பட்டியலே பாதியில் அறுந்தும் போகலாம்.

ரேண்டம் எண்ணுக்கு நிலையான சீட் (தொடக்க எண்). இரண்டு ஓட்டங்களை ஒப்பிடப் போகிறோம், அவை ஒரே பாதையில் போயாக வேண்டும்.

நோடில் வேறு யாருடைய ஜாபும் இருக்கக்கூடாது. ப்ராசஸின் சொந்தக் கணக்கை அது கெடுக்காது, ஆனால் நோடின் மொத்த மெமரியைப் பார்த்து நீங்கள் குழம்புவது மிச்சமாகும்.

3. ஒவ்வொரு ராங்க்கும் தன் மெமரியைத் தானே எழுதட்டும்

ஸ்லர்ம் ஜாப் முடிந்தபின் கொடுக்கும் அதிகபட்ச ஆர்எஸ்எஸ் (ப்ராசஸ் ராமில் உண்மையில் பிடித்திருக்கும் அளவு) ஒரே ஒரு எண். மேடு எவ்வளவு உயரம் என்று சொல்லும். ஏறியது சரிவா, படிக்கட்டா, ஒரே தாவலா என்று சொல்லாது. நமக்கு வேண்டியது அந்த வடிவம்தான்.

லினக்ஸில் ப்ராக் அடைவுக்குள் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் ஸ்டேட்டஸ் என்று ஒரு கோப்பு உண்டு. அதில் விஎம்ஆர்எஸ்எஸ் என்று தொடங்கும் வரியில் இப்போது உண்மையில் ராமில் இருக்கும் அளவு கேபி கணக்கில் இருக்கும். டைம் லூப்பின் கடைசியில், 100 ஸ்டெப்புக்கு ஒருமுறை, அந்த எண்ணைப் படித்து ஸ்டெப் எண்ணோடு சேர்த்து ராங்க்குக்கு ஒரு கோப்பாக எழுதுங்கள். இருபது வரி கோடு போதும்.

விஎம்சைஸ் என்ற வரியை எடுத்துவிடாதீர்கள். அது கேட்டு வைத்த முகவரிகளின் அளவு. தொடாத பக்கங்களும் அதில் சேரும். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு "40 ஜிபி சாப்பிடுகிறது" என்று பதறி வந்தவர்களுக்குக் கணக்கே இல்லை.

எல்லா ராங்க்கையும் கூட்டி ஒரே எண்ணாக எழுதுவதும் தவறு. எது கசிகிறது, எது கசியவில்லை என்ற வித்தியாசம்தான் அடுத்து நமக்குக் கிடைக்கப்போகும் முதல் துப்பு. கூட்டினால் அது போய்விடும்.

4. வளர்வதெல்லாம் கசிவு அல்ல

எழுதி வைத்த எண்களை வரைபடமாக வரைந்து பாருங்கள். தொடக்கத்தில் சில நூறு ஸ்டெப்புக்கு ஏறிப் பிறகு சமமானால் அது சூடேறும் கட்டம்: எம்பிஐ தன் பஃபர்களை வாங்குகிறது, சால்வர் தன் வேலை அரேக்களை வாங்குகிறது. அந்தப் பகுதியை வெட்டிவிட்டுத்தான் சாய்வைக் கணக்கிட வேண்டும்.

கிரிட் தானே நுணுக்கமாகும் கோடு என்றால் செல் எண்ணிக்கையையும், துகள்கள் புகுந்து வெளியேறும் கோடு என்றால் துகள் எண்ணிக்கையையும் அதே கோப்பில் எழுதுங்கள். மெமரியை அதால் வகுத்தால் வரைபடம் சமமாக இருக்கிறதா? அப்படியானால் லீக் இல்லை, உங்கள் பிரச்சினையே பெரிதாகிக்கொண்டு போகிறது.

மூன்றாவது சாத்தியம் துண்டாடல். நீங்கள் ஒழுங்காக ஃப்ரீ செய்கிறீர்கள் (வாங்கிய மெமரியை விடுகிறீர்கள்), ஆனால் அலோகேட்டரால் (மாலாக் என்று கேட்டால் மெமரியைப் பகிர்ந்து தரும் நூலகப் பகுதி) அந்த இடங்களைக் கெர்னலுக்குத் திருப்பித் தர முடியவில்லை. இதைப் பிரித்தறிய ஒரு நேர்வழி உண்டு. லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சியில், 2.33 பதிப்பு முதல், மாலின்ஃபோ2 என்ற ஃபங்ஷன் இருக்கிறது. அது தரும் புலங்களில் பயன்பாட்டில் உள்ள பைட்டுகளையும் எம்மேப் வழியாகக் கொடுத்த பைட்டுகளையும் கூட்டி, ஆர்எஸ்எஸ் பக்கத்திலேயே எழுதுங்கள். இரண்டும் சேர்ந்து ஏறினால் லீக். ஆர்எஸ்எஸ் மட்டும் ஏறி, கூட்டுத்தொகை அசையாமல் நின்றால் துண்டாடல். பழைய மாலின்ஃபோவை நம்பாதீர்கள், அதன் புலங்கள் வெறும் இன்ட் வகை. 2 ஜிபி தாண்டியதும் உளறும்.

துண்டாடல்தான் என்று தெரிந்தால், நிறைய த்ரெட் ஓடும் கோடில் மாலாக் அரீனா (அலோகேட்டர் தனித்தனியாக வைத்திருக்கும் மெமரிக் கிடங்கு) எண்ணிக்கையைச் சூழல் மாறி வழியாக 1 அல்லது 2 என்று கட்டுப்படுத்திப் பாருங்கள். 64 பிட் கணினியில் ஜிலிப்சி ஒரு கோருக்கு 8 அரீனா வரை திறக்கலாம், அதனால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ஜெமாலாக் என்ற மாற்று அலோகேட்டரை முன்கூட்டியே ஏற்றி ஓட்டுவது இன்னொரு வழி. அதோடு வேலை முடிந்தது, மீதியைப் படிக்க வேண்டியதில்லை.

5. சிறிதாக்குங்கள், ஆனால் கசிவைத் தொலைக்காமல்

20 மணி நேர ஓட்டத்தில் ஆராய்ச்சி செய்ய முடியாது. ஐந்து நிமிடத்தில் அதே சாய்வு தெரியும்படி ஒரு குட்டி கேஸ் வேண்டும். கிரிட்டைக் குறையுங்கள், ராங்க்கைக் குறையுங்கள், ஆனால் அம்சங்களைக் குறைக்காதீர்கள். அவுட்புட்டையும் செக்பாயின்ட்டையும் (நின்ற இடத்திலிருந்து தொடர எழுதி வைக்கும் கோப்பு) அணைத்துவிட்டு "குட்டி கேஸில் லீக் இல்லையே" என்று சொல்வது பழக்கமாகிப்போன தவறு. லீக் பாதி நேரம் அங்கேதான் இருக்கும்.

ராங்க் எண்ணிக்கையிலும் ஒரு கணக்கு உண்டு. நம் உதாரணத்தில் 1 ராங்க்கில் ஓட்டினால் பக்கத்து வீட்டோடு பேச்சே கிடையாது. 2 என்றால் இரண்டுமே ஓர ராங்க். இரு பக்கமும் அண்டை உள்ள நடு ராங்க் கிடைக்கக் குறைந்தது 3 வேண்டும். நாங்கள் 4 வைத்தோம்.

6. சாய்வைக் கணக்காக்குங்கள்

இந்தப் படியை அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள்.

முதலில் வடிவம். ஒவ்வொரு ஸ்டெப்பிலும் கசிந்தால் வரைபடம் நேரான சரிவாக இருக்கும். அவுட்புட் எழுதும்போது மட்டும் கசிந்தால் படிக்கட்டாக இருக்கும். படிக்கட்டின் அகலத்தை இன்புட் கோப்பில் உள்ள இடைவெளிகளோடு ஒப்பிடுங்கள். 500 ஸ்டெப்புக்கு ஒரு படி, ஃபீல்டு எழுதுவதும் 500 ஸ்டெப்புக்கு ஒருமுறை என்றால் தேடும் இடம் ஒரே கோப்பாகச் சுருங்கிவிட்டது.

அடுத்து, ஒரு நேரத்தில் ஒரே ஒரு திருகை மட்டும் திருப்புங்கள். அவுட்புட் இடைவெளியை இரட்டிப்பாக்கினால் சாய்வு பாதியாகிறதா? கிரிட்டின் எல்லாப் பக்கங்களையும் இரட்டிப்பாக்கினால் சாய்வு இரண்டு மடங்கா, நான்கு மடங்கா, எட்டு மடங்கா? கசியும் பொருள் நீளத்தோடு வளர்வதா, பரப்போடா, கனஅளவோடா என்பதை அதுவே சொல்லும். மாறவே இல்லை என்றால் அது கிரிட்டோடு ஒட்டாத சின்னப் பொருள்: ஒரு சரம், ஒரு ஹேண்டில், ஒரு எம்பிஐ கம்யூனிகேட்டர். இரண்டு திருகுகளைச் சேர்த்துத் திருப்பினால் எதனால் மாறியது என்று தெரியாது. நேரம் மிச்சம் என்று நினைத்து எல்லோரும் செய்வது இதைத்தான்.

அப்புறம் வகுத்தல். நம் உதாரணத்தில் சூடேறும் பகுதியை வெட்டியபின் கிடைத்தவை: நடுவில் உள்ள 30 ராங்க்குகளும் 1000 ஸ்டெப்புக்குச் சுமார் 25,030 கேபி ஏறின. முதல் ராங்க்கும் கடைசி ராங்க்கும் மட்டும் சுமார் 12,515 கேபி. சரியாகப் பாதி.

ஓர ராங்க்குக்கு ஒரு அண்டைதான், நடு ராங்க்குக்கு இரண்டு. ஆகவே கசிவது அண்டைக்குப் போகும் ஏதோ ஒன்று, அண்டைக்கு ஒன்று வீதம். இதைச் சொல்ல எந்தக் கருவியும் தேவைப்படவில்லை.

இன்னும் ஒரு வகுத்தல் பாக்கி. 12,515 கேபியை 1024 ஆல் பெருக்கி 1000 ஸ்டெப்பால் வகுத்தால் ஒரு ஸ்டெப்புக்குச் சுமார் 12,815 பைட். ஒரு முகத்தில் 40 × 40 = 1600 செல், ஒவ்வொன்றும் 8 பைட் டபுள், மொத்தம் 12,800. ஏறக்குறைய 16 பைட் இடிக்கிறதே? அது அளவீட்டுப் பிழை அல்ல. மாலாக் ஒவ்வொரு துண்டுக்கும் தன் கணக்குக்காக 8 பைட் சேர்த்து, 16இன் மடங்குக்கு உயர்த்தும்: 12,808 என்பது 12,816 ஆகும். அந்தச் சின்ன இடிப்பே, கசிவது தனித்தனி மாலாக் துண்டுகள் என்பதற்குச் சாட்சி. ஏற்கெனவே உள்ள ஒரு அரே வளர்ந்துகொண்டே போனால் இப்படி வராது.

நோடின் கணக்கும் இடிக்காமல் பொருந்தியது. 30 ராங்க் முழுதாக, 2 ராங்க் பாதியாக, மொத்தம் 1000 ஸ்டெப்புக்கு 795 எம்பிபோல. 64 ஜிபியில் தொடக்கத்திலேயே பிடித்திருந்தது போக மீதியை நிரப்ப 75 ஆயிரம் ஸ்டெப்புக்கு மேல், அதாவது ஏறக்குறைய 21 மணி நேரம். வெள்ளி மாலை 6 மணியோடு கூட்டிப் பாருங்கள்.

கசிவின் வேகமும் ஜாப் செத்த நேரமும் இப்படிப் பொருந்தாவிட்டால், நீங்கள் பிடித்தது வேறு கசிவு, கொன்றது வேறு கசிவு. அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

7. இப்போது கருவி

என்ன தேடுகிறோம் என்று தெரிந்துவிட்டது: 12,800 பைட் துண்டுகள், ஸ்டெப்புக்கு அண்டைக்கு ஒன்று. எந்தக் கருவி என்பது கசிவின் வகையைப் பொறுத்தது.

சுட்டியே (மெமரி இருக்கும் இடத்தைக் காட்டும் பாயிண்டர்) தொலைந்துபோன கசிவு என்றால் வால்கிரைண்டின் மெம்செக் அல்லது அட்ரஸ் சானிடைசரோடு வரும் லீக் சானிடைசர். மெம்செக் 20, 30 மடங்கு வேகத்தைக் குறைக்கும், ஆனால் மறுபடி கம்பைல் செய்ய வேண்டாம். சானிடைசருக்கு மறு கம்பைல் வேண்டும், வேகம் ஏறக்குறைய பாதியாகும், அவ்வளவுதான். இரண்டுமே இயல்பாக ப்ரோக்ராம் ஒழுங்காக முடியும்போதுதான் கணக்குச் சொல்லும். ஆகவே 200 ஸ்டெப் ஓடித் தானாக முடியும் இன்புட்டைக் கொடுங்கள். நடுவில் கொன்றுவிட்டு அறிக்கை எங்கே என்று தேடாதீர்கள்.

வால்கிரைண்டை எம்பிஐயோடு ஓட்டும்போது ராங்க்குக்கு ஒரு லாக் கோப்பு கேளுங்கள். ஓப்பன் எம்பிஐயோடு வால்கிரைண்டுக்கான சப்ரஷன் கோப்பு (எந்த எச்சரிக்கைகளை மறைக்க வேண்டும் என்ற பட்டியல்) ஒன்று வரும், அதையும் கொடுங்கள். இல்லாவிட்டால் நூலகத்தின் சொந்தச் சத்தம் பல நூறு வரிக்கு நீளும். அப்படியும் அறிக்கை நீளமாகத்தான் இருக்கும். எல்லாவற்றையும் படிக்க வேண்டாம், உங்கள் எண்ணைத் தேடுங்கள். 200 ஸ்டெப், இரண்டு அண்டை என்றால் 400 துண்டுகள், 51,20,000 பைட். நடு ராங்க்கின் லாகில் நிச்சயமாகத் தொலைந்தவை என்ற தலைப்பின்கீழ் அதே எண் 400 பிளாக் என்று நின்றது. அதற்குக் கீழே கால் ஸ்டாக், ஹேலோ பரிமாற்றத்தில் (அண்டை ராங்க்குக்கு ஓர செல்களை அனுப்புவது) முகத்தைப் பொட்டலம் கட்டும் ஃபங்ஷன், வரி எண்ணோடு.

இந்த வழி தோற்கும் ஒரு வகை உண்டு, அதில்தான் நிறையப் பேர் நாள்கணக்கில் மாட்டிக்கொள்வார்கள். ஒவ்வொரு ஸ்டெப்பிலும் ஒரு பட்டியலில் எதையோ சேர்த்துக்கொண்டே போகிறீர்கள், ப்ரோக்ராம் முடியும்போது பட்டியல் ஒழுங்காக அழிகிறது. வால்கிரைண்ட் "எதுவும் தொலையவில்லை" என்று சான்றிதழ் கொடுக்கும். ஆர்எஸ்எஸ் ஏறிக்கொண்டுதான் இருக்கும். கருவி பொய் சொல்லவில்லை, சுட்டி தொலையவில்லை; மெமரிதான் தேவைக்கு மேல் தங்குகிறது. இதற்கு முடிவில் எடுக்கும் கணக்கு உதவாது, ஓடும்போதே எடுக்கும் கணக்கு வேண்டும்: வால்கிரைண்டின் மாசிஃப் அல்லது ஹீப்டிராக் என்ற தனிக் கருவி. ஸ்டெப் 200இலும் ஸ்டெப் 1200இலும் யார் எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து வித்தியாசத்தை மட்டும் எடுங்கள். ஹீப்டிராக்கை ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸில் ஒட்டவைக்கவும் முடியும்.

பைதான் பக்கம், அதோடு வரும் ட்ரேஸ்மாலாக் என்ற மாட்யூலில் இரண்டு ஸ்னாப்ஷாட் எடுத்து ஒப்பிடுவதே முதல் வேலை. நம்பை அரேக்கள் அதில் தெரியும். நீங்கள் இணைத்திருக்கும் சி, ஃபோர்ட்ரான் நூலகம் நேராக மாலாக் செய்வது தெரியாது. ட்ரேஸ்மாலாக் அசையாமல் நிற்க ஆர்எஸ்எஸ் ஏறினால் கசிவு அந்தப் பக்கம். அப்போது மெம்ரே என்ற கருவியின் நேட்டிவ் முறைக்கு (சி பக்கத்தின் கால் ஸ்டாக்கையும் காட்டும் முறை) போங்கள்.

8. வழக்கமாக ஒளிந்திருக்கும் இடங்கள்

ஆறாம் படியின் எண் எதோடும் பொருந்தாவிட்டால் இவற்றை ஒரு சுற்று பாருங்கள்.

ஃபோர்ட்ரானில் பாயிண்டர். அலோகேட்டபிள் லோக்கல் அரே, சேவ் போடாத வரை, சப்ரூட்டினை விட்டு வெளியேறும்போது தானே விடுபடும். ஃபோர்ட்ரான் 95 முதல் அதுதான் விதி. பாயிண்டருக்கு அந்தச் சலுகை இல்லை. ஏற்கெனவே இடம் வாங்கிய பாயிண்டரை மறுபடி அலோகேட் செய்தால் பழைய இடம் சத்தமில்லாமல் போய்விடும். பாயிண்டர் தேவையே இல்லாத இடங்களில் அலோகேட்டபிளாக மாற்றுவதுதான் என் முதல் யோசனை.

எம்பிஐயில் ஒவ்வொரு ஸ்டெப்பிலும் உருவாக்கும் கம்யூனிகேட்டர், டேட்டாடைப். வெயிட் செய்யாமல் விட்ட ரிக்வஸ்ட். முதல் இரண்டையும் லூப்புக்கு வெளியே கொண்டுபோங்கள். மூன்றாவது வெறும் கசிவு அல்ல, தவறான கோடு.

எச்டிஎஃப்5இல் (பெரிய தரவுக் கோப்புகளை எழுதும் நூலகம்) மூடாத டேட்டாசெட், டேட்டாஸ்பேஸ் (தரவின் வடிவத்தைச் சொல்லும் பொருள்). கோப்பை மூடிவிட்டேனே என்பீர்கள். இயல்பான அமைப்பில், உள்ளே டேட்டாசெட் ஏதாவது திறந்திருந்தால் கோப்பு உண்மையில் மூடப்படுவதில்லை. மூடும் முன் திறந்திருக்கும் பொருள்களின் எண்ணிக்கையைக் கேட்கும் ஃபங்ஷன் இருக்கிறது (டேட்டாஸ்பேஸ் அந்தக் கணக்கில் வராது). கோப்பைத் தவிர வேறு ஏதாவது எண்ணிக்கையில் வந்தால் நின்று பாருங்கள்.

பெட்ஸி (சமன்பாடுகளைத் தீர்க்கும் நூலகம்) பயன்படுத்தினால் லாக் வியூ கொடுக்கும் அட்டவணையில் ஒவ்வொரு வகைப் பொருளும் எத்தனை உருவானது, எத்தனை அழிந்தது என்று இரண்டு நெடுவரிசை இருக்கும். கழித்துப் பார்ப்பதுதான் வேலை.

பைதானில் நம்பை வியூ, அதாவது நகலெடுக்காமல் மூல அரேயின் ஒரு பகுதியைக் காட்டும் ஜன்னல். 200 × 200 × 200 அரே 64 எம்பி. அதிலிருந்து ஒரு வரியை மட்டும் வெட்டி வரலாற்றுப் பட்டியலில் சேர்த்தால், அந்த ஒரு வரிக்காக முழு 64 எம்பியும் உயிரோடு இருக்கும். வெட்டியதை நகலெடுத்துச் சேருங்கள். மேட்பிளாட்லிப்பில் படம் வரைந்து சேமித்தபின் மூட மறப்பது இன்னொன்று. 20 படத்துக்கு மேல் திறந்தால் அதுவே எச்சரிக்கும், அந்த வரி பேட்ச் ஜாபின் லாகில் யாரும் படிக்காமல் கிடக்கும்.

9. திருத்துவது, திருத்தியதைச் சோதிப்பது

நம் உதாரணத்தில் அந்தக் கோடைத் திறந்தபோது ஃப்ரீ செய்யும் வரி அங்கேயே இருந்தது. யாரோ கமென்ட் போட்டு வைத்திருந்தார்கள். ஏன் என்பதும் சீக்கிரம் புரிந்தது: அது ஐசெண்டுக்கும் (எம்பிஐயில் காத்திராமல் அனுப்பத் தொடங்கும் அழைப்பு) வெயிட்டாலுக்கும் (எல்லாம் முடியும்வரை காத்திருக்கும் அழைப்பு) நடுவில் இருந்தது. ஐசெண்ட் திரும்பிவிட்டது என்பதற்காக அனுப்பி முடிந்துவிட்டது என்று பொருளல்ல. வெயிட் முடியும்வரை பஃபரைத் தொடக்கூடாது. அங்கே ஃப்ரீ செய்ததும் விடை குப்பையாக வந்திருக்கும். வந்தவர் வரியைக் கீழே நகர்த்தாமல் அணைத்துவிட்டு, விடை சரியாக வந்த நிம்மதியில் போய்விட்டார்.

ஆகவே கமென்ட்டை எடுப்பது திருத்தம் ஆகாது. வெயிட்டாலுக்குக் கீழே கொண்டுபோக வேண்டும். அதைவிட நல்லது, பஃபர்களை லூப்புக்கு முன் ஒருமுறை வாங்கி எல்லா ஸ்டெப்பிலும் அதையே பயன்படுத்துவது. முகத்தின் அளவு மாறப்போவதில்லை, ஸ்டெப்புக்கு ஸ்டெப் வாங்கி விடுவதற்குக் காரணமே இல்லை.

திருத்தியபின் முதல் சோதனை மெமரி அல்ல, விடை. பழைய பில்டும் புதிய பில்டும் 200 ஸ்டெப்பில் ஒரே எண்களைத் தருகின்றனவா பாருங்கள். லீக்கை அடைக்கப்போய், விட்ட இடத்தைத் தொடும் பிழையைக் கொண்டுவருவது சாதாரணமாக நடக்கும். அட்ரஸ் சானிடைசர் பில்டில் ஒருமுறை ஓட்டினால் அது அங்கேயே அலறும்.

பிறகு சாய்வு. முன்பு ஓட்டியதைப் போலப் பத்து மடங்கு ஸ்டெப் ஓட்டுங்கள். பெரிய கசிவின் அடியில் சின்னது ஒளிந்திருக்கும். எங்களுக்கும் அப்படித்தான்: சரிவு போனதும் 500 ஸ்டெப்புக்கு ஒரு சின்னப் படிக்கட்டு தெரிந்தது. மூடாத ஒரு டேட்டாஸ்பேஸ்.

நாளைக்கே ரிசல்ட் வேண்டும், தேட நேரமில்லை என்றால், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை செக்பாயின்ட் எழுதி ஜாபை மறுபடி தொடங்குங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதற்குள் மெமரி எவ்வளவு நிரம்பும் என்பதை ஆறாம் படியின் சாய்விலிருந்து கணக்கிட்டுத்தான் அந்த 12ஐ முடிவு செய்ய வேண்டும், குத்துமதிப்பாக அல்ல.

10. மறுபடி வராமல் காவல்

குட்டி கேஸைத் தூக்கி எறியாதீர்கள். தானாக ஓடும் டெஸ்ட்டுகளில் சேருங்கள்: 4 ராங்க், 1200 ஸ்டெப், அவுட்புட்டும் செக்பாயின்ட்டும் இயக்கத்தில். ஸ்டெப் 200இன் ஆர்எஸ்எஸ்ஸும் ஸ்டெப் 1200இன் ஆர்எஸ்எஸ்ஸும் 2 எம்பிக்கு மேல் வேறுபட்டால் டெஸ்ட் தோல்வி. ஸ்டெப்புக்கு 2 கேபி கசிந்தாலே இது பிடித்துவிடும். வரம்பை இன்னும் இறுக்கினால் எம்பிஐயின் சொந்த ஏற்ற இறக்கத்துக்கே டெஸ்ட் விழும், ஒரு வாரத்தில் யாராவது அதை அணைத்துவிடுவார்கள். ராங்க் 0ஐ மட்டும் பார்த்து எழுதாதீர்கள். அது ஓர ராங்க். அங்கே கசிவு பாதிதான் தெரியும்.